பேய்ப் படத்தில் அலறுவதற்கு நடிப்பு வேண்டுமா? ஊனா ஓகானரை முன்வைத்து

ஏப்ரல் 11, மாலை (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

பழைய பேய்ப் படங்களில் கதாநாயகிக்கும் பேய்க்கும் நடுவே, அலறிக்கொண்டு ஓடுவதற்கென்றே ஒரு வேலைக்காரியோ விடுதிக்காரியோ வருகிறார். இவர்களை நடிகைகளாக எண்ணி ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? தொண்டை இருந்தால் போதும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் ஒரே ஒரு பெயரைச் சொல்லட்டும்.

ஏப்ரல் 11, இரவு

மறுக்கிறேன். பெயர்: ஊனா ஓகானர். ஆங்கிலேய நடிகை. யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931), 'தி இன்விசிபிள் மேன்' (1933), 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1935) ஆகிய மூன்றிலும் இருக்கிறார். கோழியின் கழுத்து, உருண்டு பிதுங்கிய கண்கள், தகரத்தைக் கீறியது போன்ற குரல். சுவரொட்டியில் இவர் பெயரைத் தேடினால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். ஆனால் இவரை வெட்டி எறிந்துவிட்டால் அந்தப் படங்களில் பயப்படுவதற்கு ஆள் இல்லாமல் போகும். பயப்பட ஆளில்லாத இடத்தில் பேய்க்கு என்ன வேலை?

ஏப்ரல் 12, காலை

நேற்று அவசரத்தில் எழுதியதில் இரண்டு பிழைகள். 1931ஆம் ஆண்டுப் படத்தில் ஊனா இல்லை. 1935ஆம் ஆண்டுப் படத்தில் அவர் அந்தக் கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர் போல நடமாடுவதால் முந்தைய படத்திலும் இருந்ததாக என் நினைவு கதை கட்டிவிட்டது. இரண்டாவது பிழை இன்னும் மோசம். அவர் ஆங்கிலேயர் இல்லை, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்காரர். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனை வெளியூரில் யாராவது மலையாளியா என்று கேட்டால் எனக்கு எவ்வளவு கோபம் வரும் என்பதை நினைத்துப் பார்த்து வெட்கப்பட்டேன்.

ஏப்ரல் 12, பிற்பகல்

அவருடைய கதையைக் கொஞ்சம் முறையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அலறலுக்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கைதான் என் வாதம்.

1880 அக்டோபர் 23 அன்று பிறந்தார். இயற்பெயர் ஆக்னஸ் தெரசா மெக்கிளேட். இரண்டு வயதில் தாயை இழந்தார்; தந்தை ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட, வளர்த்தவர் ஓர் அத்தையோ சித்தியோ. (ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல் என்பதால், யார் வளர்த்தார் என்ற அடிப்படைத் தகவல்கூட நமக்குத் தெளிவாக வந்து சேருவதில்லை.) ஆசிரியப் பயிற்சி பெற்றவர். எங்கள் ஊரில் ஒரு பெண் ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு நாடகத்துக்குப் போகிறேன் என்றால் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஊனா போனார். டப்ளினின் ஆபி நாடக அரங்கில் சேர்ந்து, பெயரை மாற்றிக்கொண்டு, அந்தக் குழு 1911இல் அமெரிக்கா சென்றபோது நியூயார்க் மேடையிலும் ஏறினார்.

பிறகு லண்டன். இருபது ஆண்டுக்காலம் வேலைக்காரி, உணவு விடுதிப் பணிப்பெண், மறுபடியும் வேலைக்காரி. பேசும் படம் வந்த புதிதில் ஹிட்ச்காக்கின் 'மர்டர்!' (1930) படத்தில் ஒரு சிறு வேடம். 1931இல் கையிருப்பு கரைந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாத நிலையில் இருந்தவரை நோயல் கவர்ட் தமது 'கேவல்கேட்' நாடகத்துக்குத் தேர்ந்தெடுத்தார். ஹாலிவுட் அதைப் படமாக்கியபோது அதே வேடத்துக்காகக் கடல் கடந்தார். 1933இல் வெளிவந்த அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. ஊனா அப்போது 52 வயதைக் கடந்திருந்தார்.

அந்த வயதில் எங்கள் ஊரில் நாடகக்காரர்கள் ஓய்வூதிய விண்ணப்பத்துக்குக் கையெழுத்து தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஏப்ரல் 13, இரவு

கேள்வி கேட்ட நண்பர், 'வாழ்க்கை வரலாறு இரக்கத்தை வரவழைக்கலாம், நடிப்பை நிரூபிக்காது' என்று எழுதியிருக்கிறார். நியாயம். ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

'தி இன்விசிபிள் மேன்' தொடக்கத்தில், பனி கொட்டும் இரவில் ஒரு கிராமத்து விடுதிக்கு முகம் முழுவதும் கட்டுப்போட்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் வந்து அறை கேட்கிறார். விடுதிக்காரி ஜென்னி ஹால்தான் ஊனா. அறையைக் காட்டுகிறார், சாப்பாட்டைக் கொண்டுபோய் வைக்கிறார், கீழே வந்த பிறகுதான் கடுகு விழுதை வைக்க மறந்தது தெரிகிறது. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேலே போகிறார். உள்ளே இருப்பவர் சட்டென்று ஒரு துணியை எடுத்து முகத்தின் கீழ்ப்பாதியை மூடிக்கொள்கிறார்.

இங்கே அலறல் கிடையாது என்பதைக் கவனியுங்கள். விடுதிக்காரிக்கு வந்திருப்பது பயம்கூட இல்லை. வாடகை தரப்போகும் ஆள் என்ற மரியாதை, கீழே போய் எல்லோரிடமும் சொல்ல ஒரு செய்தி கிடைத்துவிட்ட கிளுகிளுப்பு, இது சரியில்லை என்று வயிற்றில் எழும் ஒரு குளிர்ச்சி, மூன்றும் அந்த மெலிந்த உடம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்குகின்றன.

இந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத மனிதனை உருவாக்கியவர் ஜான் ஃபுல்டன். கறுப்பு வெல்வெட் சூழ்ந்த தளத்தில், தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட் போர்த்திய ஆளின்மேல் சட்டையை மாட்டிப் படம்பிடித்து, பிறகு மற்றொரு படச்சுருளோடு சேர்த்து அச்சிட்டார்கள். சட்டை மட்டும் நடக்கும். அருமையான வித்தைதான். ஆனால் நடிகர் க்ளாட் ரெயின்ஸின் முகத்தைப் படத்தின் கடைசியில் மட்டுமே பார்க்கிறோம். 71 நிமிடப் படத்தில் முகம் இல்லாத ஒருவனுக்கு, மற்றவர்களுடைய முகங்கள்தான் முகம். முதலில் அந்த வேலையைச் செய்து முடிப்பவர் ஊனா.

சொந்த அனுபவம் ஒன்று. ஓகி புயல் அடித்த 2017க்கு அடுத்த ஆண்டு, மின்சாரம் நின்றுபோன ஒரு மழை இரவில், மடிக்கணினியில் மிச்சமிருந்த மின்னேற்றத்தில் இந்தப் படத்தை அத்தையோடு சேர்ந்து பார்த்தேன். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. சட்டை தனியாக நடந்ததைப் பார்த்து, 'பொம்மலாட்டம் போல இருக்கு' என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். கணவர் படிக்கட்டில் உருண்டு விழுந்ததைக் கண்டு ஊனா போட்ட சத்தத்துக்கு, எழுந்து போய் எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

ஏப்ரல் 13, சற்று நேரம் கழித்து

'உங்கள் அத்தை திருடனுக்குப் பயந்திருப்பார்' என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்பதை அத்தை நன்றாக அறிவார்.

ஏப்ரல் 15

இதை வில்லுப்பாட்டு வழியாகச் சொன்னால் நம் பகுதிக்காரர்களுக்கு எளிதில் விளங்கும் என்று இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் தாய்மாமா ஒருவர் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு குழுவில் நெடுங்காலம் குடம் அடித்தவர். வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை பாடுகிற புலவரைத்தான் கொடை (கோயில் விழா) வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். உடுக்கையையும் ஜால்ராவையும் கட்டையையும் குடத்தையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களின் பெயர் நோட்டீசில் கடைசி வரியில் இருக்கும். அவர்களுடைய வேலையில் முக்கால்வாசி, புலவர் ஒரு வரியைச் சொன்னதும் 'ஆமா' என்பது. மாமாவிடம் ஒருமுறை, ஆமா போடுவதில் என்ன இருக்கிறது என்று ஏறக்குறைய நம் மார்த்தாண்டத்து நண்பரைப் போலவே கேட்டேன்.

'மக்கா, இசக்கி வந்து நிக்கான்னு புலவர் சொன்னா அது வெறும் பாட்டு. நான் ஆமாங்கும்போதுதான் அவ வந்து நிப்பா. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கண்ணசந்தேன்னா புலவர் பாடு திண்டாட்டம்' என்றார். (இசக்கி எங்கள் பக்கத்து உக்கிரமான பெண் தெய்வம்.)

ஊனா ஓகானர் ஆமா போடுகிறவர். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 16

ஒரு திருத்தம். மாமா படித்துவிட்டு (பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான்) தொலைபேசியில் அழைத்தார். எல்லா வரிக்கும் ஒரே ஆமா இல்லையாம். வியப்புக்கு ஒன்று, அழுகைக்கு ஒன்று, கேலிக்கு ஒன்று என்று உண்டாம். புலவர் மிகையாகப் புளுகும்போது ஆமாவை இழுத்துச் சொன்னால் கூட்டம் சிரித்துவிடுமாம். இதை நான் விட்டுவிட்டதில் அவருக்கு வருத்தம்.

எனக்கோ இது பெரிய உதவி. ஊனாவின் அலறலிலும் அந்தக் கேலி ஆமா இருக்கிறது. ஜேம்ஸ் வேல் பயத்துக்குள்ளேயே சிரிப்பை வைக்கிறவர். அந்தக் கதவை அவருக்குத் திறந்து கொடுப்பவர் ஊனா. பயந்து நடுங்கும் அதே நொடியில், 'இது கொஞ்சம் அதிகம்தான், இல்லையா?' என்று பார்வையாளரைப் பார்த்துக் கேட்பதுபோன்ற ஒரு மிகை அந்தக் குரலில் உண்டு. சிரித்துத் தளர்ந்த உடம்பில் அடுத்த அடி பலமாக விழும்.

ஏப்ரல் 16, இரவு

அலறல் என்றதும் பலரும் அதே 1933ஆம் ஆண்டின் 'கிங் காங்' படத்து ஃபே ரேயைக் குறிப்பிடுகிறார்கள். அவர் கதாநாயகி, வயது 25. குரங்கின் கையில் இருந்துகொண்டு, தன் உயிருக்காக அலறுகிறார். ஊனா 53 வயதில், தன் விடுதிக்காகவும் கணவருக்காகவும் பாத்திரங்களுக்காகவும் அலறுகிறார். யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்று தெரிந்த ஒரு பெண்ணின் அலறல் எனக்குக் கூடுதலாகப் பழக்கமானது.

ஏப்ரல் 19

விடுமுறை நாள் என்பதால் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 75 நிமிடம்தான். இங்கே ஊனாவின் பெயர் மின்னி, ஃபிராங்கன்ஸ்டைன் குடும்பத்து வேலைக்காரி. எரிந்து விழும் காற்றாலையை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில், மற்றவர்களைவிட ஆர்வமாக நிற்கிறார். கொடை வீட்டில் சாமியாட்டம் முடிந்த பிறகும் கலையாமல் நிற்கிறவர்களைப் போல. திரும்பினால், செத்துவிட்டதாக எல்லோரும் நம்பிய உருவம் பக்கத்தில் நிற்கிறது. அலறிக்கொண்டு ஓடிப்போய் வீட்டு வாசலில் சொல்கிறார். ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன, எல்லோரும் படுக்கையிலேயே சாகுங்கள் என்ற பாவனையில் விலகிவிடுகிறார். பிறகு, இறந்துவிட்டதாக எடுத்துவந்த ஃபிராங்கன்ஸ்டைனின் (அந்த உருவத்தைப் படைத்தவர்) கை அசைவதைப் பார்த்துக் கத்துகிறவரும் அவரே. ஆக, இந்தப் படத்தில் உயிர் இருப்பதை இரண்டு முறை முதலில் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்வது, பட்டம் பெற்ற மருத்துவர்கள் இல்லை, வேலைக்காரி.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீலி என்ற பேயின் கதை நினைவுக்கு வந்ததை என்னால் தடுக்க முடியவில்லை. பார்வதிபுரத்தை அடுத்த கள்ளியங்காட்டைக் கடந்து போகும்போதெல்லாம் வருவதுதான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு செட்டியைக் காட்டி 'இவர் என் கணவர்' என்று நீலி வழக்குக்கு வந்து நிற்கிறாள். இவள் பேய், என்னை இவளோடு அனுப்பாதீர்கள் என்று செட்டி கெஞ்சுகிறான். சபையில் இருந்த பெரியவர்கள் பேயை நம்பினார்கள், மனிதனை நம்பவில்லை. விடிந்து பார்த்தபோது அவன் உயிரோடு இல்லை.

உண்மையைப் பார்த்தவர் சொல்லும் விதம் சபைக்குப் பிடிக்காமல் போவதில்தான் அந்தக் கதையின் பயம் இருக்கிறது. செட்டி பதறினான், நீலி நிதானமாகப் பேசினாள். மின்னி கீச்சிட்டார், வீட்டுக்காரர்கள் நிதானமாக இருந்தார்கள். அந்தக் குரல் காதுக்கு இனிமையாக இருந்திருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். எனவே அந்தத் தகரக் குரல் ஒரு குறை என்பதை இன்றிலிருந்து ஏற்கமாட்டேன்.

ஏப்ரல் 20, அதிகாலை

நேற்றைய கடைசி வரி கொஞ்சம் அதிகம். தூக்கம் வராமல் யோசித்துப் பார்த்தால், ஊனாவின் கூச்சல் சில இடங்களில் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. முக்கியமாக 'தி இன்விசிபிள் மேன்' படிக்கட்டுக் காட்சியில் ஒரு முறை போதும் என்ற இடத்தில் நான்கு முறை வருகிறது. அத்தை தாழ்ப்பாளைச் சரிபார்த்தது முதல் அலறலுக்கு. நான்காவது அலறலுக்கு 'யாராவது அவளுக்குத் தண்ணி கொடுங்களேன்' என்றார். அதை முன்னர் நான் எழுதவில்லை. என் வாதத்துக்கு வசதியான பாதியை மட்டும் எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 20, பகல்

அவருக்கு அந்த ஒரு குரல்தான் இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே 1935இல் ஜான் ஃபோர்ட் இயக்கிய 'தி இன்ஃபார்மர்' படத்தில், காட்டிக்கொடுக்கப்பட்டுக் கொல்லப்படும் இளைஞனின் தாயாக வருகிறார். மகன் வந்து நிற்கும்போதும், மகன் இல்லாமல் போன பிறகும், அந்த முகம் தன்னை மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. மின்னியையும் இந்தத் தாயையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்தால், கத்துவது அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை இல்லை, கேட்கப்பட்ட இடத்தில் எடுத்துக் கொடுத்த ஒன்று என்பது புரியும்.

மற்றபடி ஹாலிவுட் அவருக்குக் கொடுத்தவை பெரும்பாலும் துடைப்பமும் தட்டும்தான்: 'ராபின் ஹூட்' (1938) படத்தில் நாயகியின் தோழி பெஸ், 'தி கேன்டர்வில் கோஸ்ட்' (1944) படத்தில் பேய் குடியிருக்கும் மாளிகையின் பணிப்பெண், 'கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்' (1945) படத்தில் சமையற்காரி.

ஏப்ரல் 22

நடிப்பு வேண்டாம், தொண்டை போதும் என்பதற்கு எதிராக என் உடம்பிலேயே ஒரு சாட்சி உண்டு; எழுதலாமா என்று தயங்கி, எழுதுகிறேன். பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஆண்டு விழா நாடகத்தில், கிணற்றடியில் இசக்கியைப் பார்த்து மயங்கி விழும் தண்ணீர்க்காரனாக என்னைப் போட்டார்கள். வசனம் கிடையாது. 'லேசான வேஷம்' என்றார் ஆசிரியர். ஒத்திகையில் நான் கத்தியது விளையாட்டுத் திடலின் மறுகோடி வரை கேட்டது. விழா அன்று, வெள்ளைச் சேலையில் நின்ற வகுப்புத் தோழனின் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கூட்டமும் சிரித்தது. இசக்கியும் சிரித்துவிட்டாள். அதன் பிறகு நாடகத்தில் இருந்த பத்துப் பேரும் எதைச் செய்தாலும் சிரிப்புதான். வசனமே இல்லாத ஒருவன் ஒரு முழு நாடகத்தையும் கொல்ல முடியும் என்பதை அன்று அறிந்தேன்.

தொண்டைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஏப்ரல் 25

கடைசிப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று குலசேகரத்திலிருந்து ஒருவர் நினைவூட்டினார். அவருக்கு நன்றி; அது பேய்ப் படம் இல்லை என்பதால்தான் தள்ளிவைத்தேன், ஆனால் இந்தப் பேச்சுக்கு அது தேவை.

அகதா கிறிஸ்டியின் 'விட்னஸ் ஃபார் தி பிராசிகியூஷன்' நாடகம் 1954 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியபோது, கொலையுண்ட பெண்மணியின் வீட்டுப் பணிப்பெண் ஜேனட் மெக்கன்சியாக ஊனா நடித்தார். பில்லி வைல்டர் அதை 1957இல் படமாக்கியபோது, பிராட்வேயில் முதலில் நடித்தவர்களில் அதே வேடத்துக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். கூண்டில் ஏறி, கதவுக்குப் பின்னால் குற்றம் சாட்டப்பட்டவரின் குரலைக் கேட்டதாக உறுதியாகச் சாட்சி சொல்கிறார். சார்ல்ஸ் லாஃப்டன் நடித்த வழக்கறிஞர், அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பதைக் குறுக்கு விசாரணையில் வெளிக்கொணர்கிறார்.

உலகமே காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தியவருக்குக் கடைசியாகக் கிடைத்த வேடம், காது கேளாத பெண். அதே படத்தில் லாஃப்டனை விடாமல் துரத்தும் நர்ஸாக வருபவர் எல்சா லான்செஸ்டர், லாஃப்டனின் நிஜ மனைவி. 22 ஆண்டுகளுக்கு முன்னால் 'பிரைட்' படத்தில் அந்த உருவத்துக்கு ஜோடியாகப் படைக்கப்பட்ட மணப்பெண்ணாக நின்றவர். படத்தின் கடைசியில் மணப்பெண்ணாகச் சில நிமிடங்களே வந்த லான்செஸ்டரின் நிமிர்ந்த கூந்தலை உலகம் இன்றுவரை பொம்மையாகச் செய்து விற்கிறது. மின்னியின் வெள்ளைத் தொப்பியை யாரும் விற்றதாகத் தெரியவில்லை.

ஊனா 1959 பிப்ரவரி 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். வயது 78.

ஏப்ரல் 26

கேள்வி கேட்ட நண்பர் 'தி இன்விசிபிள் மேன்' பார்த்துவிட்டார். 'சட்டை நடப்பது பிரமாதம். அந்தப் பெண்மணியின் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. என் கருத்தில் மாற்றமில்லை' என்கிறார். கருத்தை மாற்ற வேண்டாம். தொண்டை மட்டும்தான் என்றால் அதற்கு ஒரு சோதனை இருக்கிறது: முதல் அரைமணி நேரத்தை ஒலியை முழுவதும் அடைத்துவிட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 26, இரவு

சொன்னவன் நானே செய்து பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று, இன்று இரவு ஒலியை அடைத்து ஓடவிட்டேன். கடுகு விழுதுக் கிண்ணத்தோடு அவர் படியேறும்போதே முழங்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கின்றன. அந்தக் கிண்ணத்தை ஏதோ விளக்கை ஏந்துவதுபோல் முன்னால் பிடித்திருக்கிறார். ஒலியோடு பார்த்த இத்தனை முறையும் இதை நான் கவனித்ததில்லை. படிக்கட்டுக் காட்சியில் வாய் திறப்பதற்கு முன்பே கழுத்து நரம்பு எழும்பிவிடுகிறது. இரண்டு இடங்களில் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா ஆடுகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அத்தை சமையலறையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தது அவருக்கு நினைவில்லை. சட்டை நடக்கும் இடம் வந்தது, போனது. பிறகு, 'அந்தக் கடைக்கார அம்மை அதுக்கப்புறம் வரவே இல்லையே, அவளுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டார்.